சுருதிக்கு என்ன விலை?

"மாமா, சுருதிக்கு என்ன விலை வைக்கலாம்?"

என் தமக்கையின் மகன் இப்படிக் கேட்டபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சிரித்துவிட்டேன். காற்றுக்கு என்ன விலை, நிலவுக்கு என்ன விலை என்று கேட்பதைப் போல் அது எனக்குப் பட்டது. கதை எழுதுகிறவனுக்கு இம்மாதிரிக் கேள்விகள் அழகாகத் தோன்றும். ஆனால் அவன் அழகுக்காகக் கேட்கவில்லை. அவனுக்கு விடை வேண்டியிருந்தது. அதுவும் ரூபாய்க் கணக்கில் வேண்டியிருந்தது.

அவன் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. இதற்குள் நான்கு தடவை விலை வைத்துப் பார்த்துவிட்டான். அவற்றில் ஒன்றுக்கு நான் உடந்தை. என் பங்கை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் இதுவும் ஒரு விளம்பரமாகிவிடும். ஆகவே எல்லாவற்றையும் வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

அவன் செய்திருப்பது ஒரு செயலி. கைப்பேசியில் போட்டுக்கொண்டால் தம்புரா மீட்டும், அவ்வளவுதான். சங்கீதம் கற்கிறவர்களையும் பாடுகிறவர்களையும் தவிர வேறு யாருக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. சினிமாப் பாட்டுக் கேட்கிறவர்கள் கோடிக் கணக்கில் இருக்கலாம். காலை ஐந்தரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து, ஐந்தரைக் கட்டையில் ஸரளி வரிசை பாடுகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்தச் சிலருக்காக அவன் இரண்டு வருஷத்து இரவுகளைச் செலவிட்டிருக்கிறான்.

என் தமக்கை கும்பகோணத்தில் பாட்டு சொல்லிக் கொடுக்கிறாள். அவளிடம் ஒரு தஞ்சாவூர்த் தம்புரா இருக்கிறது. பலா மரத்தில் செய்தது. நாற்பது வருஷத்துக்கு முன் எங்கள் அப்பா வாங்கிக் கொடுத்தது. அதன் ஒலியைத்தான் மருமகன் பதிவு செய்தான். பகலில் தெருவில் ஆட்டோ போகும். சாயங்காலம் கோயில் ஒலிபெருக்கி. ஆகவே இரவு இரண்டு மணிக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க உட்காருவான். எங்கோ ஒரு நாய் குரைத்தால் மறுபடியும் முதலிலிருந்து. ஒரு கட்டையில் பதிந்ததை யந்திரத்தால் ஏற்றி இறக்கி மற்றக் கட்டைகளுக்கு வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். அப்படிச் செய்தால் நாதம் மெலிந்துபோகுமாம். ஆகையால் பன்னிரண்டு சுருதிக்கும் தந்தியைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பதிந்தான். உயர்ந்த சுருதிகளுக்குத் தந்தி தாங்காது என்று சிறிய தம்புரா ஒன்றை இரவல் வாங்கி வந்தான். ஒரே மீட்டையே திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் இது யந்திரம் என்று காது கண்டுபிடித்துவிடும். அதற்காக ஒவ்வொரு தந்தியையும் எட்டுத் தடவை மீட்டினான். பன்னிரண்டு சுருதி, நான்கு தந்தி, எட்டு மீட்டு. ஆக 384 மீட்டுகள். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே செருகும் அந்தச் சின்ன நூலை மயிரிழை நகர்த்தினால் நாதம் மாறிவிடும் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த 384 என்ன பாடுபடுத்தியிருக்கும் என்பது விளங்கும்.

இன்னொன்றும் சொன்னான். ஷட்ஜமும் பஞ்சமமும் இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் அதிர்கின்றன. மேல்நாட்டுக் கீபோர்டில் உள்ள பஞ்சமம் அந்த விகிதத்துக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. "இதை யாரடா கவனிக்கப் போகிறார்கள்?" என்றேன். "கவனிக்கிறவர்களுக்காகத்தானே மாமா இதைச் செய்கிறேன்!" என்றான்.

அந்தப் பதிலுக்கே நான் விலை கொடுத்திருக்க வேண்டும். ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? மோரைக் குடித்துவிட்டு, மிகுந்த பெருந்தன்மையோடு சொன்னேன்: "இதற்கெல்லாம் விலை வைக்காதேடா. இலவசமாகக் கொடுத்துவிடு. சரஸ்வதியை விற்கக் கூடாது."

பிறருடைய உழைப்பை வைத்துத் தர்மம் செய்வதைப் போல் சுலபமான காரியம் உலகத்தில் வேறில்லை.

அவன் மரியாதை தெரிந்தவன். மெதுவாகத்தான் கேட்டான்: "உங்கள் நாவலையும் இலவசமாகக் கொடுத்துவிடலாமா, மாமா?"

எனக்குச் சுருக்கென்றது. காரணம் உண்டு. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஒரு கல்யாண வீட்டில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் நாவலைப் படித்து அழுதுவிட்டேன், ஸார்!" என்றார். நான் குளிர்ந்துபோனேன். "பி.டி.எஃப்.பில்தான் படித்தேன். நம் நண்பர்கள் நாற்பது பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியும் வைத்தேன்" என்று தொடர்ந்தார். தமிழுக்குச் சேவை செய்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது. அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இரவெல்லாம் புழுங்கினேன். மூன்று வருஷம் எழுதிய நாவல் அது. என் நாவலுக்கு விலை உண்டு. அவனுடைய சுருதிக்கு மட்டும் விலை கூடாது. இது என்ன நியாயம்?

யோசித்துப் பார்த்தேன். பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்ற பொறியாளர், தாமும் புல்லாங்குழல் வாசித்தவர், 1979-ஆம் வருஷம் மின்னணுத் தம்புராவை உண்டாக்கினார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டிகள் பாட்டு வாத்தியார் வீடுகளிலெல்லாம் குடியேறின. பணம் கொடுத்துத்தான் வாங்கினோம். சுருதியை விற்கலாமா என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஏன் கேட்கவில்லை? பெட்டி கையில் கனத்தது. மனிதன் கனத்துக்கே விலை கொடுத்துப் பழகியவன். செயலிக்குக் கனம் இல்லை. ஒருவருக்குக் கொடுத்தால் கொடுத்தவனிடம் குறைவதும் இல்லை. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுவது போலத்தான். ஏற்றின விளக்குக்குக் கூலி கேட்பானேன் என்று நமக்குத் தோன்றுகிறது. முதல் விளக்குக்கு எண்ணெய் விட்டவன் யார் என்பது மட்டும் தோன்றுவதில்லை.

அந்த எண்ணெயும் ஒரு தடவை விட்டால் தீர்ந்துபோகிற விஷயமல்ல. கைப்பேசிக்குள் இருக்கும் மென்பொருளை அதன் கம்பெனிகள் வருஷந்தோறும் மாற்றுகின்றன. நேற்று வரை பாடிய தம்புரா இன்று ஊமையாகிவிடும். உடனே உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். ஆப்பிள் கடையில் பெயரைப் பதிந்து வைத்திருப்பதற்கே வருஷத்துக்கு 99 டாலர் கட்டுகிறான். பதிந்த மீட்டு அழியாது. அது ஒலிக்கும் மேடைதான் வருஷா வருஷம் பெயர்ந்துகொண்டிருக்கிறது.

இத்தனையும் தெரிந்த பிறகும், முதல் தடவை அவன் என் வாக்கைத் தட்டவில்லை. இலவசமாகவே வைத்தான். செலவுக்கு மட்டும் விளம்பரத்தை அனுமதித்தான். அதை நான் ஆமோதித்தேன். பாடுகிறவர் பணம் கொடுக்க வேண்டாம், விளம்பரக்காரர் கொடுக்கட்டும். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு என்று எண்ணினேன்.

ஒரு நாள் தமக்கை வீட்டில் இருந்தேன். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி தோடியில் ஒரு கீர்த்தனம் பாடிக்கொண்டிருந்தாள். தம்புராவை மீட்ட ஆளில்லை, செல்போன்தான் சுருதி. அநுபல்லவியில் தாரஸ்தாயிக்குப் போய் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அந்தச் சமயம் பார்த்துத் தம்புரா நின்றது. ஓர் ஆண் குரல் உற்சாகமாக, "ஐந்தே நிமிஷத்தில் கடன்! ஆவணம் தேவையில்லை!" என்றது.

அந்தப் பெண் கண்ணைத் திறந்து, தான் ஏதோ தவறு செய்துவிட்டவளைப் போல் எங்களைப் பார்த்தாள். தமக்கை செல்போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். மாலையில் மகனைக் கூப்பிட்டுச் சொன்னது ஒரே வாக்கியம்: "அவள் காலணா கொடுக்கவில்லை என்று நினைக்கிறாயா? அவளிடம் இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டாய். அதற்கு அவளை நீ கேட்கவே இல்லை."

இலவசம் என்று நாம் பெயரிட்டிருப்பவற்றில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கிறது. விலை இல்லாமல் இல்லை. விலை சொல்லப்படாமல் இருக்கிறது. கவனத்தை எடுத்துக்கொள்கிறார்கள், பழக்க வழக்கங்களைக் குறித்துக்கொள்கிறார்கள், அவற்றை வேறோர் இடத்தில் விற்கிறார்கள். வாங்குகிறவன் தான் வாங்குகிறோம் என்றே அறியாமல் வாங்குகிறான். இதைவிட, நெற்றியில் அடித்தாற்போல் விலையைச் சொல்லுகிற கடைக்காரன் எவ்வளவோ யோக்கியன் அல்லவா?

மருமகன் அன்றிரவே விளம்பரத்தை எடுத்துவிட்டான். இரண்டாவது ஏற்பாடு, சந்தா. மாதம் 49 ரூபாய். 2016-இல் எல்லா வகைச் செயலிகளும் சந்தா வாங்கலாம் என்று ஆப்பிள் கடை வழிவிட்ட பிறகு, எதைத் தொட்டாலும் சந்தா என்ற நிலை வந்துவிட்டது.

பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிற எனக்குச் சந்தா என்பது பழகிய சொல். சந்தாதாரரை நினைத்தால் என் மனம் கனியும். ஆனால், பத்திரிகைச் சந்தாவில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மாதம் பிறந்தால் புதிய இதழ் வீட்டு வாசலில் விழ வேண்டும். விழாவிட்டால் கார்டு போட்டுக் கேட்பார்கள். இங்கே போன மாதம் கேட்ட அதே ஷட்ஜம்தான் இந்த மாதமும். 'பழுது பார்க்கும் வேலை மாதந்தோறும் இருக்கிறதே' என்று அவன் வாதாடினான். அதுவும் நியாயம்தான். சந்தா தவறு என்று நான் சொல்லவில்லை. அந்தச் சந்தாவுக்கு யோசனை சொல்ல வந்தவர் பேசிய பேச்சுத்தான் என்னை உறுத்தியது.

அவர் இம்மாதிரி வியாபாரங்களுக்கு ஆலோசனை சொல்வதையே தொழிலாகக் கொண்டவர். கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார்: "முதல் வாரத்தை இலவசமாகக் கொடுங்கள். கார்டு நம்பரை மட்டும் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். எட்டாம் நாள் பணம் தானாக வரும். நிறுத்துகிற பொத்தானை நாலு கதவு தாண்டி உள்ளே வையுங்கள். பாட்டை விட்டவன்கூட ஆறு மாதம் பணம் கட்டுவான். தம்பி, ஞாபகமாகக் கட்டுகிறவனிடமிருந்து வருவது வருமானம். மறந்துபோய்க் கட்டுகிறவனிடமிருந்து வருவதுதான் லாபம்!"

மறதியை விளைநிலமாக்கி அறுவடை செய்கிற இந்த ஞானத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நம் நாட்டில் 2021 அக்டோபரிலிருந்து, இப்படித் தானாகப் பிடிக்கும் பணத்தைப் பற்றி 24 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்ததன் அருமை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மருமகன் கார்டு நம்பரை முன்கூட்டி வாங்க மறுத்துவிட்டான். சந்தா வைத்தான், சேர்ந்தவர்கள் சொற்பம். மூன்று மாதத்தில் அதையும் கைவிட்டான்.

இனித்தான் என் கதை.

மூன்றாவதாக, ஒரே தடவை கொடுக்கும் விலையாக 590 ரூபாய் வைத்தான். அது ஒன்றும் ஜோசியம் பார்த்து வைத்த எண்ணல்ல. 500 ரூபாய் விலை; 18 சதவீதம் வரி 90. இந்த 500-இல் கடைக்காரக் கம்பெனிக்கு 15 சதவீதம், அதாவது 75 ரூபாய். முன்பெல்லாம் 30 சதவீதம் பிடித்தார்கள். சின்ன வியாபாரிகளுக்கு 2021-இல் ஆப்பிளும் கூகுளும் அதைப் பாதியாக்கின. அவன் கைக்கு 425 வரும். மாதத்துக்கு ஐம்பது பேர் வாங்கினால் வேலையை விட்டுவிட்டு இதையே கவனிக்கலாம் என்பது அவன் கனவு. முதல் மாதம் ஒன்பது பேர் வாங்கினார்கள்.

சோர்ந்துபோய் என்னிடம் வந்தான். "மாமா, நாலு வரி எழுதிக் கொடுங்களேன். உங்கள் எழுத்துக்கு ஜனங்கள் மயங்குவார்கள்" என்றான். இப்படிச் சொன்னால் எந்த எழுத்தாளன் மயங்கமாட்டான்? எழுதிக் கொடுத்தேன். நன்றாகவே எழுதினேன். 'நூறு வருஷத்துத் தஞ்சைத் தம்புராவின் நாதம்' என்று ஆரம்பித்தேன். நாற்பதைக் காட்டிலும் நூறு என்பது காதுக்கு இனிமையாக இருந்தது. முடிவில், '590 ரூபாய்ச் செயலி 295 ரூபாய்க்கு. இச்சலுகை இன்று நள்ளிரவு வரை மட்டுமே' என்று முடித்தேன். அவன் தயங்கினான். "விளம்பரத்தில் இதெல்லாம் சகஜமடா. நம்புகிறவன் எவனும் இல்லை" என்று தைரியம் சொன்னவன் நான்தான்.

விற்றது. ஒரு வாரத்தில் நாற்பத்திரண்டு பேர். நள்ளிரவு கழிந்து விடியும்போதெல்லாம் அந்த 'இன்று' மறுபடியும் பிறந்துகொண்டிருந்தது.

எட்டாம் நாள் ஒரு கடிதம் வந்தது. கடிதம் என்பது என் பழக்கத்தில் வரும் சொல், மின்னஞ்சல்தான். தெற்கே ஒரு சிற்றூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஒருவர் எழுதியிருந்தார். வேலையில் இருந்த காலமெல்லாம் பாட்டுக் கற்க ஆசைப்பட்டவராம். இப்போதுதான் வேளை வந்ததாம். செல்போனில் பணம் அனுப்ப அவருக்குத் தெரியாது. இரவு பதினோரு மணிக்கு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு மணிக்குள் முடிக்க வேண்டுமே என்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, தூங்கிக்கொண்டிருந்த பையனை எழுப்பிப் பணம் கட்டச் செய்திருக்கிறார். நாதம் மிக நன்றாக இருக்கிறது என்று இரண்டு பத்தி பாராட்டியிருந்தார். கடைசியில்தான் கேட்டிருந்தார். ஒரு வாரமாகத் தினமும் பார்ப்பதாகவும், சலுகை அப்படியே இருப்பதாகவும், தாம் பிள்ளையை எழுப்பிய அந்த நள்ளிரவு எந்த நள்ளிரவு என்று தெரிந்துகொள்ள விரும்புவதாகவும் எழுதியிருந்தார். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை.

மருமகன் அதை என்னிடம் காட்டினான். ஒன்றும் பேசவில்லை. நான் கூசிப்போனேன்.

இருபது வருஷத்துக்கு மேலாகப் பொய் சொல்லிப் பிழைக்கிறவன் நான். இல்லாத ஊரில், இல்லாத பெண்ணுக்கு, நடக்காத துயரத்தை உண்டாக்கி ஆயிரம் பேரை அழவைத்திருக்கிறேன். அதற்காக ஒரு நாளும் கூசியதில்லை. இந்த ஒற்றை வரிப் பொய்க்கு ஏன் இப்படிக் கூச வேண்டும்? அன்றிரவு இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கதையில் நான் பொய் சொல்லப் போகிறேன் என்பது வாசகருக்குத் தெரியும். அட்டையிலேயே 'நாவல்' என்று போட்டிருக்கிறது. தெரிந்துதான் திறக்கிறார், வேண்டாமென்றால் எந்தப் பக்கத்திலும் மூடிவைக்கலாம். அந்தப் பொய்யில் அவருடைய சம்மதமும் கலந்திருக்கிறது. விளம்பரத்தில் நான் சொன்னது அவருடைய சம்மதத்தையே திருடுகிற பொய். வாங்கலாமா, வேண்டாமா என்று நிதானமாக எண்ணிப் பார்க்க அவருக்கு ஓர் இரவு வேண்டும். அந்த இரவை நான் பிடுங்கிக்கொண்டேன். 295 ரூபாய்க்குப் பெறுமானமான பொருளை அவர் பெற்றார், பணத்தில் நஷ்டமில்லை. ஆனால் வாங்கியவர் அவரல்ல. நான் மூட்டிய பதைப்பு வாங்கிற்று.

சட்டத்துக்கு இது தெரிந்திருக்கிறது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இம்மாதிரி யுக்திகள் பதின்மூன்றைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டுத் தடுத்திருக்கிறது. பொய்யான அவசரத்தை உண்டாக்குவது அவற்றில் ஒன்று. சந்தாவிலிருந்து வெளியேற முடியாமல் மடக்கிப்போடுவது இன்னொன்று. நான் அந்த வரியை எழுதியபோது அந்தச் சட்டம் அமலில்தான் இருந்தது. எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன் என்று சொல்லலாம். ஆனால், சட்டம் சொன்னால்தான் கூசுவேன் என்பது பெருமைப்பட வேண்டிய குணமா?

மறுநாள் கும்பகோணத்துக்குப் போனேன். தமக்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கறிகாய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். பிறகு தன் மாணவிகளில் ஒருத்தியைப் பற்றிப் பேசினாள்.

வீட்டு வேலை செய்கிற ஓர் அம்மாளின் மகள். குரல் நன்றாக இருந்ததால் இவளே கூப்பிட்டுச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். மற்றவர்களிடம் மாதம் ஆயிரத்தைந்நூறு ரூபாய் வாங்குகிறாள். அந்தப் பெண்ணிடம் பத்து ரூபாய் வாங்குகிறாள்.

"அந்தப் பத்து ரூபாயை எதற்கு அக்கா வாங்குகிறாய்? விட்டுவிடக் கூடாதா?" என்றேன்.

"முதல் வருஷம் விட்டுத்தான் பார்த்தேன், தம்பி. அவளுடைய அம்மா, வேண்டாமென்றாலும் கேட்காமல் என் வாசலைப் பெருக்கிவிட்டுப் போவாள். நான் ஒரு நாள் வகுப்பு எடுக்காவிட்டால் வாய் திறக்கமாட்டாள். ஒரு மாதம் ஒரே வர்ணத்தைப் போட்டு இழுத்தேன். ஏன் என்று கேட்கவில்லை. பத்து ரூபாய் வாங்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள் வந்து, 'அம்மா, போன வாரம் ரெண்டு வகுப்பு நடக்கலையே' என்றாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அந்தப் பத்து ரூபாய் எனக்கா? அது அவள் என்னைக் கேள்வி கேட்பதற்காக."

கறிகாயை வழித்துப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

விலை என்பது விற்கிறவனுடைய உரிமை என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அது வாங்குகிறவனுடைய உரிமையும் அல்லவா? தானம் பெற்றவன் குறை சொல்ல முடியாது. சொன்னால் நன்றி கெட்டவன் என்பார்கள். விலை கொடுத்தவன் சொல்லலாம். 'உன் பஞ்சமம் சேரவில்லை' என்று சொல்ல அவனுக்கு அதிகாரம் உண்டு. அதைக் கேட்டுத் திருத்த விற்றவனுக்குக் கடமை உண்டு. இருவரும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்க வேண்டுமானால் விலை வெளிப்படையாக இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும் அவகாசம் இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டாலும், ரசீது இருந்தாலும்கூட, அது வியாபாரமல்ல. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பட்டினப்பாலை புகழும்போது, அவர்கள் அதிகமாக எடுத்துக்கொள்ளாததையும் குறைத்துக் கொடுக்காததையும்தான் எடுத்துச் சொல்கிறது. எவ்வளவு சாமர்த்தியமாக விற்றார்கள் என்று சொல்லவில்லை.

மருமகன் சலுகையை நிறுத்தினான். அந்த வாரம் வாங்கிய நாற்பத்திரண்டு பேருக்கும் எழுதினான்: சலுகை அன்றிரவு முடியவில்லை, அப்படிச் சொன்னது பொய், தம்புராவின் வயது நூறல்ல, நாற்பது, விரும்புகிறவர்கள் பணத்தைத் திரும்பப் பெறலாம். இந்த நாலு வரியையும் எழுதிக் கொடுத்தவன் நான்தான். முதல் நாலு வரியைவிட இது கடினமாக இருந்தது. ஐந்து பேர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தெற்கத்திப் பெரியவர் அந்த ஐவரில் இல்லை, பதிலும் எழுதவில்லை. அவர் எங்களை மன்னித்துவிட்டார் என்று முடித்தால் கதை நன்றாக இருக்கும். எனக்குத் தெரியாது.

இப்போது நான்காவது ஏற்பாடு நடக்கிறது. மறுபடியும் அதே 590 ரூபாய், ஒரே தடவை. முதல் பதினான்கு நாள் எல்லாச் சுருதியும் திறந்திருக்கும். பதினைந்தாம் நாள் தானாகப் பணம் பிடிக்காது, தானாகப் பூட்டிக்கொள்ளும். கடைப் பக்கத்தில் வரி எவ்வளவு, கம்பெனிக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறான். பாட்டு வாத்தியார் யாராவது, 'என் மாணவி ஒருத்தியால் கொடுக்க முடியாது' என்று எழுதினால், எவ்வளவு முடியும் என்று மட்டும் கேட்கிறான், சான்று கேட்பதில்லை. டொராண்டோவிலும் நியூ ஜெர்சியிலும் இருப்பவர்களுக்கு விலை கூடுதல். அது நியாயமா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஒரே ஷட்ஜத்துக்கு இரண்டு விலையா? "நானும் வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் அதிகம்தான் வாங்குகிறேன், ஆனால் சொல்லிவிட்டு வாங்குகிறேன்" என்கிறாள் தமக்கை. சொல்லிவிட்டால் எல்லாம் நியாயமாகிவிடுமா? ஆகாது. சொல்லாவிட்டால் நியாயமாவதற்கு வழியே இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

வியாபாரம் எப்படி என்று கேட்பீர்கள். மாதம் பதினைந்து, இருபது பேர் வாங்குகிறார்கள். வேலையை விட முடியவில்லை; பகலில் ஆபீஸ், இரவில் தம்புரா. நேர்மையாக இருந்தால் லாபம் தானே வரும் என்று உபதேசிக்கிறவர்கள் அவனை வந்து பார்க்கலாம். வரவில்லை. வந்தால்தான் நேர்மை என்று வைத்துக்கொண்டால் அதுவும் ஒரு விளம்பர யுக்தியாகிவிடும்.

போன மாதம் எனக்குச் சங்கீத ஆசை பிறந்தது. நாற்பத்தாறு வயதில் ஸரளி வரிசை. "உங்களுக்கு இலவசமாகத் திறந்து விடுகிறேன், மாமா" என்றான் மருமகன். வேண்டாமென்று சொல்லிவிட்டு, பதினைந்தாம் நாள் 590 ரூபாய் கட்டினேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"ஏண்டா, ஒன்றரைக் கட்டையில் மூன்றாவது தந்தி கொஞ்சம் கரகரக்கிறதே, பணம் வாங்கினால் போதுமா?" என்றேன்.

தூக்கத்திலிருந்து எழுந்தவன் ஒரு கணம் பேசாமலிருந்தான். பிறகு, "எத்தனையாவது மீட்டில் மாமா?" என்று அக்கறையோடு கேட்டான்.